விரதத்துக்கு மேல் விரதம்

உள்ளே நர்சம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எழுந்து வீட்டைப் பார்க்கப் போய்விடலாம் என்றிருந்தது மயிலாத்தாளுக்கு. ஆனால் எழுந்திருப்பது என்ன சாமானியமா, முதலில் இடது கையை பெஞ்சில் ஊன்ற வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு தொடையையும் சேர்த்து இறுக்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர வேண்டும், அவசரப்பட்டால் அது வெளியே வந்து நிற்கும். அது என்றுதான் அவள் அதைச் சொல்வது, தனக்குள்ளே சொல்லிக்கொள்வதும் அப்படித்தான். போன மாசம் அங்கன்வாடியில் பெண்களையெல்லாம் உட்கார வைத்து, துணியில் தைத்த சிவப்புப் பை ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதுதான் கர்ப்பப்பை, பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் பாரம் தூக்கினால் சிலருக்கு இது அடி இறங்கிவிடும், குந்தி எழும்போது கையில் தட்டுப்படும், யாருக்காவது இருந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள் என்று இதே நர்சம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவளுடைய கண் மயிலாத்தாளிடம் வந்ததும் சட்டென்று வேறு பக்கம் போயிற்று. ஏன் போக வேண்டும்? மற்றவர்களையெல்லாம் நேராகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு என்னைப் பார்க்க மட்டும் என்ன கேடு? அந்தக் கண் அப்படித் திரும்பாமல் இருந்திருந்தால் மறுநாளே வந்திருப்பாள். இன்றைக்கு வந்ததுகூட வேறு வழியில்லாமல்தான், காலையில் உள்பாவாடையில் ரத்தம் பட்டிருந்தது, தீட்டு நின்று எவ்வளவோ காலமான பிறகு இதென்ன ரத்தம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, ஏன் எதற்கு என்று வீட்டிலும் கேள்வி வரும். ஆக ஊருக்கு இருக்கிற ஒரே துணை சுகாதார நிலையம், அதற்கு இருக்கிற ஒரே நர்சம்மா, ஊரில் இவள் ஒருத்தியிடம் மட்டும் காட்டக் கூடாது என்று எவளை நினைத்திருந்தாளோ அவளேதான். எதிர்ப்புறம் ரோட்டுக்கு அந்தாண்டை மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அவர் அங்கேதான் இருப்பார்.

அவர் என்றால் சென்னியப்பன், மயிலாத்தாளின் வீட்டுக்காரர், மில்லுக்குச் சொந்தக்காரர், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மாவு படிந்து, இமைமயிர்கூட வெளுத்துப்போய் நிற்கிற மனுஷன். அந்த மாவுதான் காட்டிக்கொடுத்தது. ஆவணியில் ஒருநாள் இந்த நர்சம்மாவின் ஸ்கூட்டி மாரியம்மன் கோயில் முன்னால் நின்றிருந்தது, பின்சீட்டில் வெள்ளையாக மாவு, யாரோ உட்கார்ந்து எழுந்த தடம். யாரோ என்ன யாரோ, இந்த ஊரில் உட்கார்ந்த இடத்தில் மாவுத்தடம் விட்டு எழுகிற ஆண் வேறு எவன் இருக்கிறான். அதைக் கையால் தட்டிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கப்புறம்தான் சட்டைப்பையில் அந்தப் பாக்கெட். துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுவது வழக்கம், ஒரு பீடிக்கட்டு இருக்கும், ஒரு நட்டோ போல்ட்டோ இருக்கும். அன்றைக்கு நிரோத் பாக்கெட். பெயர் படிக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்தில் டிவியில் பார்த்ததுதான், சின்னப் பிள்ளைகள் பலூன் என்று ஊதிக்கொண்டு திரிந்து அடி வாங்கியதுதான். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள் மயிலாத்தாள், தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படியிருக்க இது எனக்கல்ல. எனக்கில்லாவிட்டால் எவளுக்கு? பாக்கெட்டை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, சட்டையைத் துவைக்காமல் கொடியில் மாட்டினாள். மறுநாள் அவர் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு போனார், ஏன் துவைக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கொட்டித் தீர்த்திருப்பாள். நர்சம்மாவுக்குப் புருஷன் துபாயில். நாகர்கோயில் பக்கத்துக்காரி, பேச்சே ஒரு இழுவை, ஜெசிந்தா என்று ஒரு பேர், கழுத்தில் பொடிச்சங்கிலி, சேலையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாளாம். கூப்பிடட்டும், கூப்பிடுவதற்கு என்ன, வாய்க்கு எது சௌகரியமோ அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த இடுப்பைப் பார். பிள்ளை பெற்ற இடுப்பா அது. குனிந்து செருப்பு மாட்டுகிறாள், நிமிர்கிறாள், படியில் தடதடவென்று இறங்குகிறாள், எதுவும் கீழே விழுந்துவிடுமோ என்று ஒரு நொடி நின்று யோசிக்காமல் இறங்குகிறாள். சேலைமீதோ சங்கிலிமீதோ மயிலாத்தாளுக்கு வந்த பொறாமை பெரிதில்லை, அந்தப் படி இறங்குகிற காலைப் பார்த்து வந்ததுதான் பற்றி எரிந்தது.

மகள் பிறந்து தீட்டுக் கழித்த மறுநாளே மில்லில் மூட்டை பிடித்தவள் அவள். அப்போது மில் புதுசு, ஆள் வைக்க வக்கில்லை, அவர் ஒரு முனை, இவள் ஒரு முனை. நான் இழுத்துக்கறேன் நீ உள்ள போ என்று அவர் சொல்வார், அவர் ஒருத்தர் எத்தனையைத்தான் இழுப்பார் என்று இவள் பிடிப்பாள். அப்படிப் பிடித்துப் பிடித்துக் கட்டிய மில்லுக்குள்தான் இன்றைக்கு இந்த நர்சம்மா ஸ்கூட்டியில் போய் இறங்குகிறாள். அடி இறங்குகிறது என்று முதலில் தெரிந்தது மகன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, கட்டி என்று நினைத்தாள், பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். யாரிடம் சொல்வது? மகளிடம் சொல்கிற விஷயமா? அவரிடமா? கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த இடத்துக்கு அவர்களுக்குள் ஒரு பேரே கிடையாது, விளக்கணைந்தால் எல்லாம் பேச்சில்லாமலே நடந்து முடியும். அன்று ராத்திரி அவர் பக்கத்தில் வந்து கையை வைத்தபோது அவள் வாயில் தானாக வந்தது, வேண்டாங்க, மாரியாத்தாளுக்கு வெரதம் இருக்கறேன் என்று. அவர் கையை நெருப்பைத் தொட்டதுபோல எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாயை எடுத்து முன்கட்டு ஆசாரத்தில் போட்டுப் படுத்தார். சாமிக்கு என்று சொன்னதை எதிர்த்துக் கேட்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. மாரியம்மன் நோன்பு முடிந்தது. அப்புறம் பழனிக்கு என்றாள். அப்புறம் புரட்டாசிச் சனிக்கிழமை என்றாள், சனிக்கிழமைக்கு மட்டும் என்றால் மற்ற நாட்கள் இருக்கிறதே, ஆகவே மாசம் முழுக்க என்றாள். கார்த்திகை, மார்கழி, அப்புறம் மகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆக வேண்டுமென்று, பேரனுக்கு மாந்தம் தெளிய வேண்டுமென்று, மழை பெய்ய வேண்டுமென்றுகூட ஒருமுறை. ஊரே அவளைப் பக்திக்காரி என்று கொண்டாடியது. பூசாரி முதல் பூ அவளுக்குக் கொடுத்தார். அவரோ ஒவ்வொரு தடவையும் சரி என்றார், சரி அம்மிணி என்றார், அவ்வளவுதான். ஏன் ஒரு தடவையாவது கேட்கவில்லை? இதென்னடி விரதத்துக்கு மேல் விரதம், எனக்கும் சாமிக்கும் என்ன சண்டை என்று ஒரு தடவை, ஒரே தடவை கத்தியிருந்தால்? கத்தமாட்டார் என்று தெரிந்துதானே சொன்னாய் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டும் ஆற்றாமை தீரவில்லை. வேண்டாம் என்றவுடன் விட்டுவிட்டுப் போகிற ஆணுக்கு வேறு எங்கோ கிடைக்கிறது என்றுதான் அர்த்தம். வீட்டில் சோறு வேண்டாமென்று எழுகிறவன் வெளியே தின்றுவிட்டு வந்திருக்கிறான்.

அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. திடீரென்று தண்ணீர்க் குடம் எடுக்க ஆரம்பித்தார். மில்லுக்குப் போகுமுன் பைப்படிக்குப் போய், பெண்களோடு பெண்களாக வரிசையில் நின்று, தோளில் ஒன்று கையில் ஒன்றாகக் கொண்டுவந்து வைப்பார். ஊரே சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. தப்புச் செய்கிற ஆம்பிளைதான் பொண்டாட்டிக்குத் தண்ணி எடுப்பான் என்று மயிலாத்தாள் மனசுக்குள் தீர்ப்பு எழுதினாள். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. திருப்பூர்ச் சந்தையிலிருந்து பச்சையில் ஒரு நாற்காலி வாங்கிவந்து சமையல்கட்டில் போட்டு, கீழ குந்த வேண்டாம், இதுல உக்காந்து காய் அரி என்றார். எனக்கென்ன வயசாகிப் போச்சா என்று எரிந்து விழுந்தாள். அவருக்கு இளசு ஒன்று கிடைத்ததும் நான் கிழவியாகிவிட்டேன், நாற்காலியில் உட்கார வைத்து ஓரங்கட்டப் பார்க்கிறார் என்று அன்று ராத்திரி முழுக்கப் பொருமினாள். நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்புக்கு இதமாக இருந்தது என்பது வேறு விஷயம். அது இதமாக இருந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"ஏனக்கா, இப்பிடி ஒருக்களிச்சு உக்காந்திருக்கறீங்க, நகந்து நல்லா உக்காருங்" என்றாள் பக்கத்தில் இருந்த பழனாத்தாள். டெய்லர் குப்புசாமி பெண்டாட்டி, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவள், வாய் ஓயாதவள். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு மயிலாத்தாள் காதோரம் குனிந்தாள். "உங்க மில்லு இருக்கறதால எங்களுக்கெல்லாம் புண்ணியமுங்க்கா. இல்லீனா இந்நேரம் எனக்கு இன்னொன்னு வயித்துல இருந்திருக்கும்."

மில்லுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று மயிலாத்தாள் திரும்பினாள்.

"அட, உங்களுக்குத் தெரியாதாக்கும்! மொளகாய் மிசினுக்குப் பொறத்தால டப்பா வெச்சிருக்கறாரே உங்கூட்டுக்காரரு. நர்சம்மா கொண்டாந்து நெரப்பீட்டுப் போவாங்க, ஆம்பளைங்க போயி சத்தமில்லாம எடுத்துக்குவாங்க. நம்மூரு ஆம்பளைங்க நர்சம்மா மூஞ்சியப் பாத்து நிரோத்து குடுங்கன்னு கேட்டுருவாங்களா? செத்தாலும் கேக்க மாட்டாங்க. அங்கன்னா ஒரு பய நிக்க மாட்டான் பாருங், நெடி. எங்கூட்டுக்காரரு போனாருன்னா கண்ணு ரெண்டும் செவந்து, மூக்கு ஒழுகீட்டு வருவாரு. என்னடா குப்பா அழுவுறேன்னா, மொளகாய் அரைச்சேன்னு சொல்லிக்கலாமுல்ல?" பழனாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டப்பா மாட்டற அன்னைக்கு ஆணி வாங்கோணும்னு நர்சம்மா வண்டியில பொறத்தால உக்காந்து கடைவீதிக்குப் போனாருங்க உங்கூட்டுக்காரரு. வண்டியில உக்காரத் தெரீல, கம்பியப் புடிச்சுட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. நாங்கெல்லாம் பாத்துச் சிரிச்சோம்."

ஆணி வாங்கப் போனாரா. மயிலாத்தாளுக்கும் ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. ஸ்கூட்டியில் மாவு, ஆணி. சட்டைப்பையில் பாக்கெட், டப்பா. இத்தனை மாசமாக ராத்திரி ராத்திரி எடுத்து எடுத்துப் பார்த்து வைத்திருந்த இரண்டும் ஒரே பேச்சில் போயின. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. கையில் பிடித்துக்கொள்ள எதுவோ இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றிருந்தது. சரி, டப்பா வைத்தார், ஊருக்கு நல்லது. என்னிடம் ஏன் சொல்லவில்லை? டெய்லர் பெண்டாட்டிக்குத் தெரிகிறது, ஊரில் கண் சிவந்து வருகிற ஆண்களுக்கெல்லாம் தெரிகிறது, கூடப் படுக்காவிட்டாலும் கூடப் பிறந்ததுபோல ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாது. வெட்கப்பட்டிருப்பார். வெட்கமா? இந்த நர்சம்மாவிடம் எப்படிப் பேசினாராம்? டப்பாவை எங்கே மாட்டலாம், எத்தனை வைக்கலாம், யார் யார் எடுக்கிறார்கள் என்று ரெண்டு பேரும் நின்று பேசியிருப்பார்கள்தானே. என்னிடம் சொல்லக் கூசுகிற வார்த்தையை அவளிடம் சொல்லியிருக்கிறார். கை படுவதெல்லாம் என்ன பெரிசு. பேச்சு பட்டிருக்கிறதே. அவளிடம் பேசுகிற அந்த சென்னியப்பனை நான் பார்த்ததே இல்லை என்று நினைத்தபோது பழைய பொறாமை புதுத்துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது, முன்னைவிட நன்றாகவே உட்கார்ந்தது. போய்விடலாம். இவளிடம் காட்டி என்ன ஆகப்போகிறது, காட்டினால் சாயங்காலமே மில்லில் போய்ச் சொல்லமாட்டாள் என்று என்ன நிச்சயம். அண்ணா, உங்க வீட்டம்மாவுக்கு இப்படியாமே. இடது கையை பெஞ்சில் ஊன்றினாள். மூச்சைப் பிடித்தாள். காலையில் பார்த்த ரத்தம் கண்ணுக்கு முன்னால் வந்தது, அவளுடைய சின்னம்மா இப்படித்தான் ரத்தம் ரத்தம் என்று சொல்லாமலே வைத்திருந்து கடைசியில் போய்ச் சேர்ந்தாள், சாவு வீட்டில்தான் எல்லாருக்கும் தெரிந்தது. ஊன்றிய கை அப்படியே இருந்தது. பழனாத்தாள் குழந்தைக்கு ஊசி போட்டு, அது வீறிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு அவள் போயும்விட்டாள்.

"அக்கா, வாங்க" என்றாள் நர்சம்மா கதவருகில் நின்று. இந்தத் தடவை கண்ணைத் திருப்பவில்லை.

உள்ளே ஒரு கட்டில், பச்சைத் திரை, டெட்டால் வாசனை. நர்சம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை, கதவைத் தாளிட்டாள், ஏறிப் படுக்கத் தோள் கொடுத்தாள். மேலே மின்விசிறி மெல்லச் சுற்றியது, ஒரு இறக்கையில் பல்லி வால் மாதிரி ஒட்டடை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வெளிச்சத்தில் யாரும் பார்க்காத இடம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், மூடினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதுபோல, ஸ்கூட்டியில் கண்ணை மூடிக்கொண்ட மனுஷன் ஞாபகம் வந்தது. கையுறை போட்ட விரல் குளிர்ச்சியாக இருந்தது. வலிக்கும் என்று காத்திருந்தாள், வலிக்கவில்லை. அந்த விரல்களில் அவசரம் இல்லை, அருவருப்பும் இல்லை. அவை இப்படி நல்ல விரல்களாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பயப்படாதீங்க. வெளிய வந்து வந்து உரசி ஒரு புண்ணு இருக்கு, ரத்தம் அதுல இருந்துதான்னு தோணுது. எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்திருவாங்க. இது இறங்காம தாங்கதுக்கு உள்ள வைக்க வளையம் இருக்கு, தேவைன்னா ஆபரேஷனும் இருக்கு. நல்லாயிரலாம். இனிமே விரதம்னு சொல்லித் தனியா படுத்து அழ வேண்டாம்க்கா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் கண்ணைத் திறந்தாள். விரதம் இருப்பது ஊருக்குத் தெரியும். தனியாகப் படுப்பது ஒருவருக்குத்தான் தெரியும்.

"அவரு சொன்னாருங்களா?"

நர்சம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்போது வந்த அசட்டுத்தனத்தைப் பார்த்த பிறகு அவளை வெறுப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு, என் வாயி நிக்கமாட்டேங்குது. ஆடியிலேயே வந்தாருக்கா. நீங்க எந்திரிக்கதைப் பாத்தே ஏதோ இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காரு. தண்ணி தூக்க விடாதீங்க, கீழ குந்த விடாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். உங்களைக் கூட்டிட்டு வாங்கன்னேன். அவ வெக்கத்துல செத்துருவா சிஸ்டர், நீங்க பொதுவா நாலு பேருக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்கன்னாரு. போன மாசம் அங்கன்வாடியில அந்தப் பையைத் தூக்கிக் காட்டினது உங்களுக்காகத்தான். உங்களைப் பாத்தா காட்டிக் குடுத்துருவேனோன்னு பாக்காமலே பேசினேன்."

தண்ணீர்க் குடம். பச்சை நாற்காலி. ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அழுகை வரவேண்டிய நேரம், ஆனால் முதலில் வந்தது அழுகையில்லை, அதே பொறாமைதான், இதுவரை வந்ததிலேயே கூரானது. அவர் வேறொருத்தியைத் தொட்டிருந்தால்கூட ஒருமாதிரி, அழுது கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருக்கலாம். இவர் என்னைக் கொண்டுபோய் இன்னொருத்தியிடம் பேசியிருக்கிறார். நான் யாரிடமும் சொல்லாத என்னை. எங்களுக்குள் அதற்கு ஒரு வார்த்தை கிடையாதே, இவளிடம் எந்த வார்த்தையைச் சொன்னார், எங்கிருந்து எடுத்தார் அந்த வார்த்தையை, என்னிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்காத வார்த்தையை?

"என்னன்னு சொன்னாரு?" என்று கேட்டாள். "அதைய என்ன பேரு சொல்லிச் சொன்னாருங்?"

நர்சம்மா கையுறையைக் கழற்றினாள். "பேரெல்லாம் சொல்லலைக்கா. வாயைத் தொறந்தாரு, வார்த்தை வரலை. அப்புறம் இப்பிடிக் காட்டினாரு." வயிற்றுக்கு நேராக இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினாள், ஏந்தியபடியே மெதுவாகக் கீழே இறக்கினாள், இறக்கி, விழாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "வலிக்குமா சிஸ்டர்னு கேட்டாரு. அவ்வளவுதான். கையெல்லாம் மாவு, இந்த மேசையில கொட்டிச்சு. தொடைச்சுட்டுத்தான் போனாரு."

மயிலாத்தாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் வாயில் மாவு விழும்போது ஒரு பிடி ஏந்தி, அரைபட்ட நெரிவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே ஏந்தல். இதை என்னிடம் காட்டியிருக்க வேண்டும். காட்ட விட்டாயா என்றது மனசு. கிட்டே வரும்போதெல்லாம் ஒரு சாமியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினாயே, எத்தனை சாமியைத் தாண்டி வருவார் அந்த மனுஷன். இப்போது அழுகை வந்தது, படுத்தபடியே காதுக்குள் இறங்கியது. நர்சம்மா துடைக்க வரவில்லை, சேலையைச் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்று மருந்து எடுத்து வைத்தாள். எழும்போது தோள் கொடுத்தாள், மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பெரிய சுகாதார நிலையத்துல டாக்டரம்மா இருப்பாங்க, வளையம் அவங்கதான் வைப்பாங்க. துணைக்கு ஆள் வேணும். மில்லுக்கு டப்பா நெரப்பதுக்கு இப்ப போறேன், அண்ணன்கிட்ட நானே சொல்லிருதேன்."

"வேண்டாங்" என்றாள் மயிலாத்தாள். சொன்ன வேகத்தில் நர்சம்மா திரும்பிப் பார்த்தாள். மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். ரோட்டுக்கு அந்தாண்டை பெல்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"டப்பாவை நாளைக்கு நெரப்பிக்கலாமுங். இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் வர வேண்டாம். அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்."